தாய் மடியும் அரண்மனைப் பணமும்

வேதபாடம்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: யாத்திராகமம் 2:1-10, 2 இராஜாக்கள் 4:1-7, எஸ்றா 8:21-34, 2 கொரிந்தியர் 8:16-24



இந்தப் பாடத்தை ஆரம்பிக்குமுன் ஒரு காரியத்தை உங்களிடம் அறிக்கையிட வேண்டியிருக்கிறது. பாடத்தை எழுதிவிட்டு அறிக்கையைக் கடைசியில் நாலு வரியில் சேர்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். ஆவியானவர் விடவில்லை. ஆகையால் அறிக்கை முதலில்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமைதான். அங்குள்ள சபைகள் ஆராதனைக்குக் கூடுவதும் அன்றுதான். பகல் 12 மணி ஆகச் சில நிமிஷங்கள் இருக்கும்போது பூமி அதிர்ந்தது. ஏறக்குறைய 9,000 பேர் மாண்டுபோனார்கள். ஆராதனையில் கைகளை உயர்த்தி நின்ற விசுவாசிகளும் அவர்களில் உண்டு. மறுநாள் ஞாயிறு நம் சபையில் பிரசங்கம் நடக்கவில்லை. அழுது ஜெபித்ததுதான் நடந்தது. அந்த ஜெபத்தில் வாலிபர்கள் எழும்பினார்கள். "பாஸ்டர், ஜெபம் பண்ணினா மட்டும் போதுமா? நாம போகணும்" என்றார்கள். அந்தப் பாரம் தேவனால் வந்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அதை நாங்கள் கையாண்ட விதத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு வருஷம் பணம் சேர்த்தோம். வாலிபர்கள் ஞாயிறு மதியம் கார், பைக் கழுவினார்கள். சகோதரிகள் முறுக்கு சுட்டு, ஊறுகாய் போட்டு விற்றார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் பவுடர் டப்பாவில் ஓட்டை போட்டு உண்டியல் வைத்தார்கள். காணிக்கைக் கவரும் அச்சடித்தோம். காத்மாண்டுவில் ஒரு பிள்ளைகள் விடுதி நடத்துகிறவர் ஒரு பையனுடைய படத்தை அனுப்பியிருந்தார். எட்டு வயசு இருக்கும். அந்தப் படத்தைக் கவரின்மேல் போட்டு, பூகம்பத்தில் தாயையும் தகப்பனையும் இழந்த இந்தப் பாலகனுக்கு நீங்கள் தகப்பனாவீர்களா என்று கீழே அச்சிட்டோம். அந்த வாசகத்தை எழுதினது நான்தான். எழுதி முடித்தபோது என் கண்ணே கலங்கியது. அப்படிப்பட்ட வாசகம்.

2,37,000 ரூபாய் சேர்ந்தது. 2016 மே மாதம் ஒன்பது பேர் புறப்பட்டோம். சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயில், அங்கிருந்து சோனாலி எல்லைக்குப் பஸ், அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க மலைப்பாதை. விடுதியில் இருந்தது பத்து நாள். சுவருக்கு வெள்ளையடித்தோம், பாட்டுச் சொல்லிக் கொடுத்தோம், பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கிக் கொடுத்தோம், படம் பிடித்தோம். போக்குவரத்து, சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து எங்கள் ஒன்பது பேருக்கு ஆன செலவு 1,52,000. விடுதியின் கையில் கொடுத்தது 85,000. நாங்கள் வெள்ளையடித்த அந்தச் சுவருக்கு எதிரே ஒரு டீக்கடை. அந்த ஊர்ப் பெயிண்டர் ஒருவர் வேலை இல்லாமல் அங்கே உட்கார்ந்து மூன்று நாளும் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் வேலையைப் பார்த்து அவர் சிரித்ததற்கு அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஏழாம் நாள் எங்கள் குழுவில் ஹிந்தி தெரிந்த சகோதரி ஒருவர் அந்தக் கவர்ப் பையனோடு பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "பாஸ்டர், இவனுக்கு அம்மா இருக்காங்களாம். ஊர்ல ஆடு மேய்க்கிறாங்களாம். இவன் பூகம்பத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இங்க வந்துட்டானாம்" என்றார். நான் விடுதிக்காரரிடம் கேட்டேன். பையன் சின்னவன், கனவு கண்டு பேசுகிறான் என்றார். அதை நம்பினேன். நம்பினேன் என்பதைவிட நம்புவது சௌகரியமாயிருந்தது என்பதே உண்மை. புறப்படும்போது பிள்ளைகள் பஸ்ஸைச் சுற்றி நின்று அழுதார்கள். எப்போது மறுபடி வருவீர்கள் என்று கேட்டார்கள். சீக்கிரம் வருகிறோம் என்றோம். போகவே இல்லை.

ஊர் திரும்பி சாட்சிக் கூட்டம் வைத்தோம். படங்களைத் திரையில் போட்டோம். சபை கைதட்டி தேவனை மகிமைப்படுத்தியது. அந்தப் பையன் படம் வந்ததும் ஹிந்தி தெரிந்த சகோதரி எழுந்து வெளியே போய்விட்டார். நான்கு மாதம் கழித்துத்தான் நான் சபைக்கு முன் நின்று உள்ளதைச் சொன்னேன். சிலர் கோபப்பட்டார்கள். ஒரு குடும்பம் சபையைவிட்டே போனது. ஆனால் தினமும் காலையில் இடியாப்பம் விற்றுப் பிழைக்கிற வயதான தாயார் ஒருவர், அந்தக் கவரில் 500 ரூபாய் போட்டிருந்தவர், கூட்டம் முடிந்தபின் என்னிடம் வந்தார். "ஐயா, அப்போ அந்தப் புள்ளையோட அம்மாகிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றார். பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இந்தப் பாடம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

நாணற்பெட்டியில் இருந்த பிள்ளைக்கு என்ன நடந்தது?

யாத்திராகமம் 2-ம் அதிகாரத்தைச் சின்ன வயசிலிருந்தே கேட்டிருக்கிறோம். ஆனால் 7 முதல் 9 வரையுள்ள வசனங்களை நின்று வாசித்திருக்கிறோமா? இப்போது வேதத்தைத் திறந்து வாசித்துவிட்டு மேலே தொடருங்கள்.

பார்வோன் குமாரத்தி ஓர் அந்நிய ஸ்திரீ. நதியில் ஒரு பிள்ளையைக் காண்கிறாள். அது அழுகிறது. அவளுக்கு இரக்கம் உண்டாகிறது. அவளிடம் அரண்மனை இருக்கிறது, பணம் இருக்கிறது, தாதிகள் இருக்கிறார்கள். தூக்கிக்கொண்டு நேரே அரண்மனைக்குப் போயிருக்கலாம். அப்போது குறுக்கே வருகிறாள் பிள்ளையின் அக்காள். பால் கொடுத்து வளர்க்க எபிரெயருக்குள் ஒருத்தியைக் கூட்டி வரட்டுமா என்று கேட்கிறாள். அரசகுமாரத்தி சரி என்கிறாள். கடைசியில் என்ன ஆயிற்று பாருங்கள்! பிள்ளை பெற்ற தாயின் மடிக்கே போகிறது. செலவு அரண்மனையுடையது. பிள்ளை வளருகிற இடமோ தாயின் வீடு. சொந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தாய்க்குச் சம்பளம்! அல்லேலூயா! தேவனுடைய ஞானத்தைப் பாருங்கள்.

மோசே பிற்பாடு அரண்மனைக்குப் போனது உண்மைதான். ஆனால் தான் எபிரெயன், தன் ஜனம் யார், தன் தேவன் யார் என்பது அவனுக்குள் எங்கே ஊன்றப்பட்டது? அடிமை வீட்டில், யோகெபேத்தின் மடியில். அந்த வருஷங்கள் இல்லாதிருந்தால் வளர்ந்தபின் சுமை சுமக்கிற தன் சகோதரரைப் பார்க்க அவன் புறப்பட்டிருப்பானா என்று யோசித்துப் பாருங்கள். நைல் நதி ஓரத்தில் அந்தச் சிறுபெண் செய்த வேலையை எங்கள் கூட்டத்தில் யாரும் செய்யவில்லை. பிள்ளைக்குத் தாய் உண்டு என்று தெரிந்த ஒரு ஆள், பணம் உள்ளவர்களுக்கும் தாய்க்கும் நடுவே ஓடவேண்டும். ஹிந்தி தெரிந்த சகோதரி ஓடி வந்தார். நான்தான் கேட்கவில்லை.

எலிசா விடுதி கட்டவில்லை

2 இராஜாக்கள் 4-ம் அதிகாரம். கடன் கொடுத்தவன் விதவையின் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். தகப்பன் இல்லை, அரிசிப் பானை காலி. நம்முடைய பாஷையில் சொன்னால் இந்த இரண்டு பிள்ளைகளும் விடுதியில் சேர்க்கத் தகுதியானவர்கள். அந்த நாளிலும் தீர்க்கதரிசிகளின் புத்திரர் கூட்டமாய்த் தங்கியிருந்த இடங்கள் உண்டு. இரண்டு பையன்களையும் இங்கே அனுப்பிவிடு, நாங்கள் சோறு போட்டுப் படிக்க வைக்கிறோம் என்று எலிசா சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. வீட்டில் கையிருப்பு என்ன என்று விசாரித்தார். ஒரு குடம் எண்ணெய் என்றாள். பாத்திரம் சேர்க்கப் போன இடமும் பக்கத்து வீடுகளே. கதவைப் பூட்டி உள்ளே நின்றது தாயும் பிள்ளைகளும். பாத்திரம் எடுத்துக் கொடுத்தது அந்தப் பையன்கள்தான், கவனித்தீர்களா? விற்ற பணத்தில் கடன் அடைந்தது, மீதியில் தாயும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் பிழைத்தார்கள். அற்புதம் நடந்தபோது தீர்க்கதரிசி அங்கே இல்லவும் இல்லை. படம் பிடிக்க யாரும் இல்லை!

சாறிபாத்தில் எலியா உயிர்ப்பித்த பிள்ளையை என்ன செய்தார்? மாடியிலிருந்து இறக்கித் தாயின் கையில் கொடுத்தார் (1 இராஜா. 17:23). சூனேமியாளின் மகனும் அப்படியே (2 இராஜா. 4:36). நாயீனில் நம் ஆண்டவர் பாடையைத் தொட்டு எழுப்பின வாலிபனும் தாயிடமே ஒப்புவிக்கப்பட்டான் (லூக். 7:15). யாக்கோபு 1:27-ல் திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கிறார்கள். நாம்தான் அவர்களைப் பிரித்து, பிள்ளைகளை விடுதிக்கும் விதவைகளைத் தெருவுக்கும் அனுப்பிவிட்டோம்.

தேசங்களில் நடந்தது

இதைச் சபையில் சொன்னபோது, "ஏதோ ஒரு விடுதியில் ஒரு ஆள் ஏமாற்றினான், அதுக்காக எல்லாரையும் சொல்லலாமா?" என்று ஒரு மூப்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆகையால் விசாரித்தேன்.

நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை மாவோயிஸ்டுகளுக்கும் அரசாங்கத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்தது. பிள்ளைகளைப் படையில் சேர்த்துவிடுவார்களே என்ற பயத்தில் ஹும்லா போன்ற தூர மலை மாவட்டங்களில் பெற்றோர் பிள்ளைகளைத் தரகர்கள் கையில் கொடுத்து, காத்மாண்டுவில் நல்ல பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்று நிலத்தை விற்றுப் பணமும் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் அநேகர் அநாதைகள் என்று எழுதப்பட்டார்கள். இன்னொன்று. அங்கே விடுதிகள் பெரும்பாலும் எங்கே இருக்கின்றன? வறுமை அதிகமாயிருக்கிற மலைகளில் அல்ல. காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், போக்ரா பட்டணமுள்ள காஸ்கி, சித்வன் என்று சுற்றுலாப் பயணிகள் போகிற மாவட்டங்களில். ஏன் என்று நான் சொல்ல வேண்டுமா? பூகம்பத்துக்குப் பிறகு நேபாள அரசாங்கம் அனுமதியில்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோவதைத் தடை செய்தது. வெளிநாட்டுத் தத்தெடுப்பையும் நிறுத்தியது. நாங்கள் கவர் அச்சடித்துக்கொண்டிருந்த மாதங்களில்தான் இதெல்லாம் நடந்தது. ஒருவரும் விசாரிக்கவில்லை.

கம்போடியாவில் 2011-ல் யுனிசெப் துணையோடு வெளிவந்த அரசாங்க ஆய்வு, விடுதிகளிலுள்ள பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருப்பதாகக் காட்டியது. 2005-க்குப் பிறகு விடுதிகளின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியிருந்தது. அநாதைகள் பெருகியதாலா? இல்லை. வருகிறவர்களும் பணமும் பெருகியதால். 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய பிள்ளைகள் உரிமைத் தீர்மானத்தில், விடுதிகளுக்குத் தொண்டர்களாகவும் சுற்றுலாவாகவும் போவதால் வரும் தீங்கும் எழுதப்பட்டது.

சபையாருக்கு அதிகம் வலிக்க வேண்டியது ஹெய்ட்டி தேசத்துச் சம்பவம். 2010 ஜனவரி 12-ல் அங்கே பெரிய பூகம்பம். அந்த மாதம் முடியுமுன்னே அமெரிக்காவிலிருந்து போன பத்துப் பேர், அதிகமானோர் ஒரே மாகாணத்துப் பாப்டிஸ்ட் சபையார், 33 பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி, சரியான காகிதங்கள் இல்லாமல் எல்லை கடந்து டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோகப் பார்த்துக் கைது செய்யப்பட்டார்கள். அநாதைகளை மீட்கிறோம் என்றே அவர்கள் சொன்னார்கள். பிள்ளைகள் அநேகருக்குப் பெற்றோர் உயிரோடிருந்தார்கள். அவர்களும் ஜெபித்துத்தான் போனார்கள், நம்மைப்போல. சிறையிலும் ஜெபித்தார்கள். பாரம் உண்மையாயிருந்தால் வழியும் சரியாயிருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

இன்னொரு காரியம் எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. நாங்கள் போய் இறங்கின உடனே பிள்ளைகள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள், பேர்கூடத் தெரியாத எங்கள் மடியில் ஏறி உட்கார்ந்தார்கள். என்ன அன்பு, என்ன அன்பு என்று சாட்சிக் கூட்டத்தில் சொன்னோம். உங்கள் வீட்டுக்குப் புது ஆள் வந்தால் உங்கள் மூன்று வயசுப் பிள்ளை என்ன செய்யும்? அம்மா சேலைக்குப் பின்னால் ஒளியும். அதுதான் சுகமுள்ள பிள்ளை. பத்து நாளைக்கு ஒரு கூட்டம் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போய்விடுகிற இடத்தில் பிள்ளை யாரையும் பிடித்துக்கொள்ளும், யாரையும் நம்பாது. ருமேனியாவில் 2000 முதல் 136 கைக்குழந்தைகளை வைத்து வருஷக்கணக்கில் ஆராய்ந்தார்கள். விடுதியிலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன பிள்ளைகள் அறிவிலும் மனுஷரோடு ஒட்டுவதிலும் மற்றவர்களைவிடத் தேறினார்கள், சீக்கிரம் போனவர்கள் அதிகம் தேறினார்கள்.

அப்படியானால் விடுதியே கூடாதா?

உண்மையாகவே ஒருவரும் இல்லாத பிள்ளைகள் உண்டு. வீடே ஆபத்தாகிப்போன பிள்ளைகளும் உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் நான் மறுபடியும் அரை உண்மை எழுதினவனாவேன்.

ஜார்ஜ் முல்லரை நாமெல்லாம் விசுவாச வீரராக அறிவோம். பிரஷ்யா தேசத்தில் 1805-ல் பிறந்து இங்கிலாந்துக்குப் போய் அந்நியராய் வாழ்ந்தவர். பிரிஸ்டல் பட்டணத்தில் 1836-ல் வில்சன் தெருவில் வாடகை வீட்டில் ஆரம்பித்தார். பிறகு ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்கள். தம் ஆயுசில் ஏறக்குறைய 10,000 பிள்ளைகளைப் பராமரித்தார். மனுஷனிடம் கை நீட்டவில்லை என்று பிரசங்கிப்போம். தாயும் தகப்பனும் இருவரும் இறந்தவர்கள் என்பதற்குச் சான்றிதழ் பார்த்துத்தான் அவர் பிள்ளையைச் சேர்த்தார் என்பதை யார் பிரசங்கிக்கிறோம்? வருஷாவருஷம் வரவு செலவை அச்சிட்டு வெளியிட்டதையும் சொல்வதில்லை. விசுவாசம் உள்ளவருக்குக் காகிதம் எதற்கு என்று அவர் நினைக்கவில்லை.

நம் திருநெல்வேலிச் சீமைக்கே வருவோம். ஏமி கார்மைக்கேல் அம்மையார் அயர்லாந்தில் பிறந்தவர். 1895-ல் இந்தியாவுக்கு வந்தார். 1901-ல் கோவிலிலிருந்து தப்பி ஓடிவந்த ஏழு வயசுச் சிறுமி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அந்தப் பிள்ளைக்குத் திரும்பிப் போனால் ஆபத்து. டோனாவூர் ஊழியம் அப்படித்தான் ஆரம்பமாயிற்று. ஆனால் அவர் பத்து நாளைக்கு வரவில்லை. தமிழ் கற்றார், சேலை கட்டினார், 1951-ல் மரிக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. கடைசி இருபது வருஷம் படுக்கையிலேயே கிடந்தபோதும் பிள்ளைகளுக்கு அவர்தான் அம்மை. ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து எடுக்கவேண்டிய நிலை வந்தால், எடுக்கிறவர் தாயாகவே ஆகவேண்டும். டிக்கெட்டில் திரும்பும் தேதி போட்டுக்கொண்டு போகிறவருக்கு அந்த வேலை இல்லை.

போகிறவர்கள் யார்?

அப்போஸ்தல நாட்களில் சபை ஆட்களை அனுப்பவில்லையா? அனுப்பியது. பிலிப்பியிலிருந்து எப்பாப்பிரோதீத்து பவுலிடம் போனார், வியாதிப்பட்டுச் சாகுந்தருவாய்க்கும் வந்தார் (பிலி. 2:25-30). ஆனால் அவர் போனது கேட்டறிந்த ஒரு குறைவை நிரப்ப. அனுபவத்துக்காக அல்ல. நம் வாலிபரில் நர்ஸ் படித்தவர்கள் உண்டு, கணக்குத் தெரிந்தவர்கள் உண்டு, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சகோதரி ஒருவரும் உண்டு. அங்குள்ள ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டு வரலாம். பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொள்வது அங்குள்ள தாய்மார், அத்தைமார், பாட்டிமார் வேலை.

நேபாளத்தில் 2018 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தில் மதம் மாற்றுவது ஐந்து வருஷம்வரை சிறைக்குரிய குற்றம். வெளிநாட்டார் என்றால் தண்டனைக்குப்பின் தேசத்தைவிட்டு அனுப்பிவிடுவார்கள். நாம் ரொட்டியோடு துண்டுப்பிரதியையும் பிள்ளை கையில் திணித்துவிட்டு ரயில் ஏறிவிடுவோம், அகப்படுகிறவர் அந்த ஊர் மேய்ப்பர். பாலர் கூட்டத்தை நடத்துகிறேன் என்று ஆர்வமாய்ப் புறப்படுகிறவர்கள் அவருடைய மனைவி பிள்ளைகளை ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அகாவா நதியோரத் தராசு

பணக் காரியத்துக்கு வருவோம். எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு, ஏறக்குறைய நான்கு மாதப் பிரயாணம், காணிக்கையைக் கொண்டுபோகிறார். 650 தாலந்து வெள்ளி, 100 தாலந்துக்கு வெள்ளிப் பாத்திரங்கள், 100 தாலந்து பொன். வெள்ளி மட்டும் இன்றைய கணக்குக்கு ஏறக்குறைய இருபது டன். அவர் உபவாசித்தார். ராஜாவிடம் காவலுக்குச் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு தேவனையே நம்பினார். இதுவரை பிரசங்கிப்போம். அடுத்த வசனங்களில் என்ன? பன்னிரண்டு பேரைப் பிரித்தெடுத்து அவர்கள் கையில் எல்லாவற்றையும் நிறுத்துக் கொடுத்தார். எருசலேமுக்குப் போய் மூன்று நாள் இளைப்பாறி, நாலாம் நாள் வேறு நாலு பேர் முன்னிலையில் மறுபடியும் நிறுத்தார்கள். எண்ணிக்கை, நிறை, எல்லாம் அன்றே எழுதி வைத்தார்கள். உபவாசம் பண்ணின அதே கைகள்தான் தராசையும் பிடித்தன. கொண்டுபோனவர்கள் ஆசாரியர்கள், பரிசுத்தவான்கள். அப்படியிருந்தும் நிறுத்தார்.

பவுலும் அப்படியே. எருசலேமின் ஏழைகளுக்கு மக்கெதோனியா, அகாயா சபைகளில் சேர்த்த பணத்தைத் தன் கையில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தீத்துவையும் சபைகள் தெரிந்துகொண்ட இன்னொருவரையும் கூட்டினார். கர்த்தருக்கு முன் சரியாயிருந்தால் போதாது, மனுஷர் பார்வையிலும் சரியாயிருக்கவேண்டும் என்ற கருத்தை 2 கொரிந்தியர் 8:20, 21-ல் வாசித்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலர் 20:4-ல் அவரோடே பிரயாணம் செய்த ஏழு பேருடைய பெயர்கள் ஊர் ஊராய் இருக்கின்றன. அது சும்மா பெயர்ப் பட்டியல் என்றே முப்பது வருஷம் வாசித்தேன். பணப்பையை வைத்திருந்த யூதாஸ்காரியோத்தைக் கணக்குக் கேட்டவர் பன்னிருவரில் ஒருவரும் இல்லை.

சேர்க்கிற விதமும் முக்கியம். பவுல் வாரந்தோறும் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொன்னார், தாம் வந்து நிற்கும்போது அழவைத்து வாங்கக் கூடாதென்று (1 கொரி. 16:2). மிசோரம் சபைகளில் நூறு வருஷத்துக்கு மேலாக, ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியே எடுத்து வைக்கிறார்கள். யாருடைய படமும் தேவைப்படவில்லை.

படம் என்றதும் சொல்லிவிடுகிறேன். நம் தேசத்தில் 2015-ம் வருஷ இளைஞர் நீதிச் சட்டம் 74-ம் பிரிவின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற பிள்ளையின் பெயர், படம், அடையாளத்தை வெளியிடக்கூடாது. அங்கே நேபாளப் பிள்ளைக்கு வேறு நியாயமா? என் மகனுடைய படத்தைப் போட்டு, இவனுக்கு அப்பன் செத்துப்போனான் என்று யாராவது கவர் அச்சடித்தால் நான் என்ன செய்வேன்? அந்தத் தாய் அந்தக் கவரைப் பார்க்காதது என் அதிர்ஷ்டம் என்று ஒருநாள் ஜெபத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன மறுநிமிஷம் எழுந்திருக்க முடியவில்லை.

இன்னொரு சின்னக் குறிப்பு. டிரஸ்ட் பணத்தை வெளிநாட்டில் செலவிட்டால் அந்தத் தொகைக்கு வரிவிலக்குப் பெறத் தனி உத்தரவு வேண்டும். ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். இதுவும் ஆவிக்குரிய காரியம்தான்.

கவர்ப் பையனைத் தேடினோம். 2017-ல் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. நேபாளச் சகோதரர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்தபோது அந்தக் கட்டடத்தில் துணிக்கடை இருந்தது. பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று டீக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. இப்போது அவனுக்கு வாலிப வயசு. சபையின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெயர் சொல்லாமல் அவனுக்காக ஜெபிக்கிறோம். பெயரை நாங்கள் ஏற்கெனவே போதுமான அளவு விற்றுவிட்டோம்.

மலைப் பக்கத்துச் சபையொன்றின் மூப்பர்கள் மூலமாய், ஆடிட்டர் சொன்ன வழியில், ஐந்து வீடுகளுக்கு உதவி போகிறது. மூன்று விதவைத் தாய்மார், ஒரு பாட்டி, ஒரு தாய்மாமன். பள்ளிக்கூடச் செலவு, மழைக்காலத்துக்கு அரிசி, ஆளுக்கு இரண்டு ஆடு. எந்த வீட்டுக்கு என்ன தேவை என்று தீர்மானிக்கிறது அவர்கள்தான். பிள்ளைகளின் படம் நமக்கு வராது, கேட்கவும் மாட்டோம். மூன்று மாதத்துக்கொருமுறை வருகிற கணக்குத் தாளை இடியாப்பம் விற்கிற தாயாரும் இன்னும் இரண்டு பேரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டபின்தான் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அந்தத் தாயாருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். போன தடவை ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாய் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதுல ஒரு ஆடு செத்துப்போச்சுன்னு போட்டிருக்கே, அந்த வீட்டுக்கு வேற ஆடு குடுத்தாங்களா?" என்றார். கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வந்ததும் பலகையில் ஒட்டுவோம்.